காடுவிட்டுக் காடு போகும் சேறு

கலிபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய மலையில் 1976 அக்டோபர் 21 அன்று ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. தீயணைப்பு வண்டிகள் போவதற்காக வெட்டிய மண்பாதை அது. சுமார் 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். வந்தவர்களிடம் இருந்தவை தடித்த டயர் போட்ட, அந்தக் காலத்துக் கனமான சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் சக்கர அச்சில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்துபோகும். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் என்று அந்த மலையைச் சுற்றித் திரிந்த இளைஞர்கள்தான் பிறகு மலைக்கென்றே சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். மவுண்டன் பைக் இன்று உலகமெங்கும் காட்டுப் பாதைகளில் ஓடுகிறதென்றால் அதற்கு ஊற்றுக்கண்களில் முக்கியமானது மரின்.

அதே மரினில், மில் வேலி ஊரின் பக்கம், 1995 வாக்கில் டான்ஓக் மரங்கள் கொத்துக்கொத்தாகப் பட்டுப்போயின. அடுத்து கடலோர ஓக் மரங்கள். அடிமரத்தில் கருஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ கசியும். வண்டுகள் துளை போட்டுப் பொடி உதிர்க்கும். பிறகு ஒருநாள் உச்சி முதல் எல்லா இலையும் பழுப்பாகிவிடும். பச்சையாக நின்ற மரம் சில வாரங்களில் காய்ந்ததைப் பார்த்த மக்கள் அதை 'ஓக் திடீர்ச் சாவு' என்றார்கள். உண்மையில் மரத்துக்குள் நோய் புகுந்து வெகுநாள் ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரிந்ததுதான் திடீரென்று.

காரணம் 2000இல் பிடிபட்டது. டேவிட் ரிஸ்ஸோ, மாட்டியோ கார்பெலோட்டோ என்ற இரு கலிபோர்னிய ஆய்வாளர்கள் செத்த மரங்களின் பட்டையிலிருந்து அந்த நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நர்சரிகளில் ரோடோடெண்ட்ரான் செடிகளைத் தாக்கிக்கொண்டிருந்ததும் அதே உயிர்தான் என்று தெரியவந்தது. ஃபைட்டோப்தோரா ராமோரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கலிபோர்னியா, ஓரிகன் கடலோரக் காடுகளில் இதுவரை அது கொன்ற மரங்கள் கோடிக்கணக்கில் இருக்கும்.

சைக்கிள் பிறந்த இடமும் நோய் வெளிப்பட்ட இடமும் ஒன்று என்பதற்காக இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. நோயை மரினுக்குக் கொண்டுவந்தவர்கள் சைக்கிள்காரர்கள் அல்லர். நர்சரியில் விற்ற அலங்காரச் செடிகளோடுதான் அது வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் வந்து சேர்ந்த நோய் அங்கிருந்து எந்தெந்த வழியில் நகர்கிறது என்று தேடியபோது மனிதர் நடக்கும், சைக்கிள் ஓட்டும் பாதைகளும் அந்தக் கணக்கில் வந்தன.

ஃபைட்டோப்தோரா குடும்பம் நமக்குப் புதிதல்ல. 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகவைத்துப் பத்து லட்சம் பேரைப் பட்டினியில் சாகடித்த நோய் இதே குடும்பத்தினுடையது. நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுபவர்கள் இன்றும் பயப்படும் பின்கருகல் நோயும் அதுவே. மிளகுக் கொடியை மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே சாய்த்துவிடும் வாடல் நோய்க்கும் இந்த இனத்தின் உறவினர்தான் காரணம். பார்க்கப் பூஞ்சை போல இருக்கும். ஆனால் பூஞ்சை அல்ல, பாசிகளுக்குக் கிட்டத்து உறவு. அதனால் இதற்குத் தண்ணீர்தான் எல்லாம். ஈரம் கிடைத்ததும் இதன் வித்துகளிலிருந்து வால் முளைத்த நுண்துகள்கள் வெளிவந்து, மண்ணில் நிற்கும் நீரில் நீந்தி, வேரையோ இலையையோ தேடிப்போகும். ஈரம் வற்றினால் சில வகைகள் தடித்த ஓடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். காய்ந்த மண்ணில் நோய் செத்திருக்கும் என்று நினைப்பது அதனால் தவறு.

மரின் காட்டில் இந்த நாடகம் நடக்கும் இடம் ஓக் மரம் அல்ல, பக்கத்தில் நிற்கும் கலிபோர்னியா பே லாரல். பிரியாணிக்குப் போடும் நம் பிரிஞ்சி இலையின் குடும்பத்து மரம். கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். மழை பெய்தால் அதன் நீண்ட இலையின் நுனியில்தான் தண்ணீர் சொட்டாமல் தொங்கி நிற்கும். நோய் பிடிப்பதும் அங்கேதான். நுனி மட்டும் கறுத்து, கறுப்புக்கு மேலே மஞ்சள் கரை கட்டியிருக்கும். இலை சாகாது, மரமும் சாகாது. ஆனால் ஒவ்வொரு வசந்த கால மழையிலும் அந்த நுனிகளிலிருந்து வித்துகள் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுவது ஓக்கின் பட்டையில் விழுந்தால் ஓக் சாகும். பாதையில் விழுந்தால் சேற்றோடு சேர்ந்து யார் காலிலாவது, யார் டயரிலாவது ஏறும்.

சான்டா குரூஸ் அருகே ஹென்றி கோவெல் பூங்காவில் நடைபாதையின் மண்ணையும் அதில் நடந்தவர்களின் ஷூவில் ஒட்டிய மண்ணையும் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டிலும் நோய்க்கிருமி உயிரோடு இருந்தது. பிறகு சோனோமா பகுதியில் கஷ்மன், மீன்டெமேயர் என்ற ஆய்வாளர்கள் இன்னும் விரிவாகப் பார்த்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதையின் மண்ணில் இருந்த அளவு கிருமி பாதையை விட்டுத் தள்ளியிருந்த மண்ணில் இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் காடுகளில் நோய் அதிகம். ஆள் நடமாட்டம் குறைந்த தனியார் காடுகளில் குறைவு.

இதை நியாயமாக அளந்து பேச வேண்டும். மரம் விட்டு மரம் நோயைப் பரப்புவதில் முதலிடம் மழைக்கும் காற்றுக்கும்தான். ஓடை அதைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கொண்டுபோகும். மரம் வெட்டும் லாரியும் மண் அள்ளும் இயந்திரமும் ஒரே நடையில் தூக்கிச் செல்லும் சேற்றின் முன்னால் ஒரு சைக்கிள் டயரில் ஒட்டும் மண் மிகச் சொற்பம். பிறகு ஏன் சைக்கிளைப் பற்றி இவ்வளவு கவலை? மழைக்கு எட்டாத இடத்துக்கு அது போகிறது என்பதால்தான். ஓடை மேட்டில் ஏறாது. மலையின் அந்தப் பக்கம் இருக்கும் பள்ளத்தாக்குக்கு நோய் தானாகப் போக எத்தனையோ ஆண்டுகள் ஆகலாம், போகாமலே இருக்கலாம். சைக்கிள்காரர் காலையில் ஒரு காட்டில் ஓட்டிவிட்டு, சைக்கிளைக் கார் கூரையில் கட்டி, மாலையில் 200 கிலோமீட்டர் தள்ளி வேறொரு காட்டில் இறக்குவார். அங்கே ஆற்றோரத்தில் இறக்கினாலும் பரவாயில்லை. அவர் நேராக மலையுச்சிக்கு ஏறிப் போவார். அங்கே உதிரும் ஒரு கைப்பிடி மண், கீழே உள்ள சரிவு முழுவதற்கும் நோயை வழிய விடும்.

உச்சியில் விழும் மண் என்ன செய்யும் என்பதை ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை. அங்கே இருப்பது இதே குடும்பத்தின் இன்னொரு உறுப்பினர், ஃபைட்டோப்தோரா சின்னமோமி. 1922இல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரங்களில் முதலில் அடையாளம் காணப்பட்டது. பெர்த் நகருக்குக் கிழக்கே ஜாரா மரங்கள் காரணம் தெரியாமல் சாவதை 1920களிலேயே கவனித்திருந்தார்கள். காரணம் இந்தக் கிருமிதான் என்று உறுதியாவதற்கு 1960களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. அந்த நாற்பது ஆண்டுகளில், நோய் பிடித்த காட்டிலிருந்து தோண்டிய செம்மண் சரளையைக் கொண்டுபோய் நல்ல காட்டுக்குள் சாலை போட்டார்கள். தெரியாமல் நடந்த அந்த வேலைக்கு அந்த மண் இன்றுவரை விலை கொடுக்கிறது. பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் நோய் பரவியிருக்கிறது. அந்தப் பகுதிக்கே உரிய தாவர இனங்களில் பத்தில் நான்கு இந்த நோய்க்கு ஆளாகக்கூடியவை. பாங்ஸியா மரம் செத்தால் அதன் தேனை நம்பியிருக்கும் சின்னஞ்சிறு தேன் போசம் என்ற விலங்குக்கும் சாப்பாடு போயிற்று.

ஃபிட்ஸ்ஜெரல்ட் ரிவர் தேசியப் பூங்கா அங்கே பெரும்பாலும் நோய் தொடாத இடம். 1970களின் தொடக்கத்தில் கனிமம் தேடி வந்தவர்கள் அதற்குள் புல்டோசரால் ஒரு பாதை வெட்டினார்கள். பெல் பாதை என்பார்கள். அந்த ஒரு பாதையோடு நோயும் உள்ளே போனது. அதைச் சுற்றி வேலி போட்டு, வேர்வழியும் மண்வழியும் பரவாதபடி தடுப்பு வைத்துக் கட்டுப்படுத்தும் வேலை பிற்பாடு பல ஆண்டுகள் நடந்தது. ஒருமுறை மண்ணில் இறங்கிய சின்னமோமியை எடுக்க வழியே இல்லை. மரத்தண்டில் ஊசி போட்டும் இலையில் தெளித்தும் ஃபாஸ்ஃபைட் கொடுத்தால் மரத்துக்கு எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் கூடும், அவ்வளவே. மண்ணைச் சுத்தமாக்க அது உதவாது. எனவே அங்கே வைத்தியம் என்பதே வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

இப்படிப்பட்ட நிலத்தின் ஊடேதான் முண்டா பிடி என்ற சைக்கிள் தடம் போகிறது. பெர்த்துக்குக் கிழக்கே முண்டாரிங்கில் தொடங்கித் தென்கடற்கரையில் ஆல்பனி வரை சுமார் 1000 கிலோமீட்டர். முழு நீளமும் 2013இல் திறக்கப்பட்டது. நோய் பிடித்த காடும் பிடிக்காத காடும் மாறி மாறி வரும் பாதை. காட்டைப் பூட்டிவிடுவது எளிது. ஆனால் காட்டுக்குள் போகும் மனிதர்தானே காட்டுக்காகப் பேசவும் வருகிறார்கள்! அங்கே எடுத்த முடிவு, ஓட்டவிட்டு ஒழுங்குபடுத்துவது. 'சுத்தமாக வா, சுத்தமாகப் போ' என்பது ஆஸ்திரேலியக் காடுகளில் எங்கும் காணும் வாசகம்.

அந்தச் சுத்தம் எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வீட்டுக்குப் போய் வாசலில் ஹோஸ் பைப் பிடித்துக் கழுவினால் சைக்கிள் பளபளக்கும். நோய் மண் உங்கள் தெருச் சாக்கடை வழியாக எங்கோ போய்ச் சேரும். காட்டின் மண்ணைக் காட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். காரில் ஏற்றுவதற்கு முன், தடத்தின் முகப்பில், கெட்டியான தரையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முரட்டு பிரஷ் ஒன்று, ஒரு குச்சி அல்லது டயர் கழற்றும் பிளாஸ்டிக் கரண்டி. டயரின் கட்டைகளுக்கு இடையே அடைந்திருக்கும் மண்ணை முதலில் நெம்பி எடுக்க வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் ஒரு சுற்றில் முடிந்துவிடும். பிறகு கண்ணுக்குப் படாத இடங்கள்: பெடல் அச்சுக்குப் பின்னால் டயர் நுழைந்து வெளியேறும் சந்து, முன் ஃபோர்க்கின் மேல்வளைவுக்கு அடிப்பக்கம், பெடலின் ஸ்பிரிங், ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் உலோகத் துண்டைச் சுற்றிய பள்ளம். ஒரு நாள் மழைச் சவாரிக்குப் பிறகு இந்த நான்கு இடங்களில் மட்டும் சுரண்டினால் உள்ளங்கை நிறைய மண் வரும். கார் மிதியடியையும் சைக்கிள் மாட்டும் ரேக்கையும் தட்டிவிட மறக்கக் கூடாது.

மண் முழுக்க நீங்கிய பிறகுதான் மருந்து. ஆஸ்திரேலியாவில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டோடு தண்ணீர் கலந்து, பத்துக்கு ஏழு பங்கு ஸ்பிரிட்டாக, ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொள்கிறார்கள். டயரும் ஷூ அடியும் நனையும்படி தெளித்துத் தானாகக் காயவிட வேண்டும். சேற்றின் மேலேயே தெளித்தால் பயனில்லை. மேற்பரப்பை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும், கட்டிக்குள் இருக்கும் வித்துக்கு ஒன்றும் ஆகாது. பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும் என்றாலும் செயினையும் போல்ட்டையும் அரிக்கும், உடையை வெளுக்கும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சூடான இன்ஜின் பக்கமோ பீடி, சிகரெட் பக்கமோ தெளிக்கக் கூடாது. அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கிக் கிரீஸ் வெளியேறும் என்பது எந்தச் சைக்கிள் மெக்கானிக்கும் சொல்வது. பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் காட்டுக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் நல்லது.

இதற்கெல்லாம் பிடிக்கும் நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை மக்கள் ஒதுக்குவார்களா என்பதில்தான் சிக்கல். நியூசிலாந்தில் கவ்ரி மரக் காடுகளின் வாசலில் ஷூ சுத்தம் செய்யும் நிலையங்களை வைத்தார்கள். ஃபைட்டோப்தோரா அகதிடிசிடா என்ற இன்னொரு இனம் அங்கே ஆயிரம் ஆண்டு கடந்த கவ்ரிகளின் மெல்லிய மேல்வேர்களைத் தின்றுகொண்டிருந்தது. பலர் பிரஷ்ஷைத் தொடாமலே தாண்டிப் போனார்கள் என்பது கண்காணிப்பில் தெரியவந்தது. அதற்குப் பிறகு நிலையங்களின் அமைப்பையே மாற்றினார்கள்: பாதை அதன் வழியாகத்தான் போகும், பிரஷ் காலுக்கு நேரே இருக்கும், மருந்து மிதித்தால் தெளிக்கும். இது நல்ல பாடம். விருப்பத்தை நம்பி ஒரு பலகையை நட்டுவிட்டுப் போவதைவிட, செய்வதை எளிதாக்கி, செய்யாமல் போவதைச் சிரமமாக்குவது பலன் தரும். சைக்கிளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். நடப்பவருக்கு வைத்த சின்ன பிரஷ்ஷில் சைக்கிளின் இரண்டு டயரையும் சுத்தம் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். சைக்கிளைச் சாய்த்து நிறுத்தக் கம்பி, நீளக் கைப்பிடி வைத்த பிரஷ், விழும் மண்ணைப் பிடிக்கும் தொட்டி ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும்.

நியூசிலாந்தின் வைடாக்கரே மலைத்தொடரில் கவ்ரி நோய் பரவியதைக் கண்ட தே கவரௌ அ மாகி என்ற மாவோரி மக்கள் 2017 டிசம்பரில் தங்கள் மரபுப்படி காட்டுக்குத் தடை விதித்தார்கள். யாரும் உள்ளே வராதீர்கள், காடு ஆறட்டும் என்பது அதன் பொருள். அரசு அமைப்புகள் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் காட்டிய துணிச்சல் பெரியது. 2018 மே மாதம் ஆக்லாந்து மாநகராட்சியும் காட்டின் பெரும்பகுதியை மூடியது. பிறகு வேர்களுக்கு மேலே பலகைப் பாதை போட்டு, சேறு நிற்கும் இடங்களில் சரளை கொட்டி, தகுதியான தடங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

பாதை போடுகிறவரின் பங்கு ஓட்டுகிறவரின் பங்கைவிடப் பெரிது என்பதை இது காட்டுகிறது. டயரில் சேறு ஒட்டாது என்றால் பாதி வேலை முடிந்தது. தடத்தைச் சரிவின் குறுக்கே லேசாக வெளிப்பக்கம் சாய்த்து வெட்டினால் மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். சதுப்பான இடத்தைச் சுற்றிப் போகாமல் அதன் மேலே பலகைப் பாலம் போட்டால் ஓட்டுபவர்கள் ஓரத்தில் இறங்கிப் புதுப்புது வழி உண்டாக்க மாட்டார்கள். கொட்டும் சரளை நோயில்லாத குவாரியிலிருந்து வர வேண்டும். மண் ஊறிக் கிடக்கும் வாரங்களில் தடத்தை மூடிவிட வேண்டும். ஓரிகனிலும் வட கலிபோர்னியாவிலும் போர்ட் ஆர்ஃபோர்டு சீடார் மரத்தின் வேரைக் கொல்லும் நோய்க்காக, மழைக்காலத்தில் சில வனச்சாலைகளுக்குக் கேட் போட்டுப் பூட்டுவது நெடுநாளாக நடக்கிறது. ஒரே நாளில் இரண்டு காடுகளில் ஓட்ட நினைப்பவர் நோயில்லாத காட்டுக்கு முதலில் போக வேண்டும், நோயுள்ளதற்குப் பிறகு. செலவே இல்லாத வழி இது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் சாட்சி. ராமோரம் 2009இல் தென்மேற்கு இங்கிலாந்தின் ஜப்பானிய லார்ச் மரங்களில் தெரிந்தது. அடுத்த ஆண்டே வேல்ஸில். லார்ச் விஷயத்தில் கலிபோர்னியாவைவிட நிலைமை மோசம். அந்த மரமே சாகும், அதுவே வித்துகளையும் கொட்டும். நோய் பிடித்த தோப்பை முழுதாக வெட்டித் தள்ளுவதைத் தவிர வழியில்லை. மவுண்டன் பைக்குக்குப் பேர்போன க்வம்கார்ன் பள்ளத்தாக்கில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான லார்ச்சுகளை வெட்ட வேண்டியிருந்தது. காட்டைச் சுற்றிக்காட்டும் சாலையை 2014இல் மூடினார்கள். முழுதாகத் திறந்தது 2021இல். அங்கே நோயைப் பரப்பியதில் பெரும்பங்கு மழைக்காற்றுக்குத்தான். ஆனால் நிழலை இழந்தவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு. காடு நோயுற்றால் தடமும் போகும் என்று பிரிட்டனின் வனத்துறைகள் டயரைக் கழுவச் சொல்லும் பிரசாரத்தில் அவர்களையும் சேர்த்துக்கொண்டது அதனால்தான்.

நியூசிலாந்துக்கு விமானத்தில் சைக்கிளோடு போகிறவர் வருகைப் படிவத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டிய சைக்கிள், கூடாரம், மலையேறும் ஷூ எல்லாவற்றையும் அதிகாரிகள் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. டயரில் மண் இருந்தால் சுத்தம் செய்யாமல் வெளியே விடமாட்டார்கள். அங்கெல்லாம் உறவினர் வீட்டுக்கு ஷூவோடும் சைக்கிளோடும் போகும் தமிழர்கள் வீட்டிலேயே தேய்த்துக் கழுவி எடுத்துப்போனால் விமான நிலையத்தில் காத்துக்கிடக்க வேண்டாம். நாட்டின் எல்லையில் இருக்கும் இந்தக் கவனம் ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் இடையில் இல்லை.

அந்த இடைவெளியை அடைக்க முதலில் முன்வர வேண்டியவர்கள் பந்தயம் நடத்துகிறவர்கள். ஒரே காலையில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வெவ்வேறு காடுகளின் மண்ணோடு ஒரு மலையில் வந்து இறங்கும் நாள் அது. பந்தயம் முடியும் இடத்தில் சைக்கிள் கழுவ ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும். அதே பிரஷ்ஷையும் தொட்டியையும் தொடக்கக் கோட்டுக்கு முன்னாலும் வைத்து, ஹெல்மெட் சோதிப்பதுபோல டயரையும் சோதித்து, சுத்தமான டயருக்குத்தான் எண் அட்டை என்று விதி வைத்துவிடலாம். கழுவிய நீர் ஓடைக்குப் போகாமல் கெட்டித் தரையில் வடியும்படி இடம் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் பாட்டிலை நிரப்ப ஒரு தொண்டர் வேண்டும். பதிவுக் கட்டணத்தில் சிறு பகுதி போதும் இதற்கு.